மோட்டார்ஹோம் ஸ்டெப்னியை இறக்குவது எப்படி? பஞ்சர் ஆகும் முன்பே பழகிக்கொள்ள ஒரு வழிகாட்டி

புதிதாக மோட்டார்ஹோம், அதாவது தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி, வாங்கியவர்களிடம் நான் முதலில் கேட்பது, "ஸ்டெப்னி எங்கே இருக்கிறது, ஒரு தடவையாவது இறக்கிப் பார்த்தீர்களா?" என்றுதான். "பின்பக்கம் அடியில் எங்கேயோ தொங்குகிறது" என்று பதில் வரும். இறக்கிப் பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அடுப்பு, படுக்கை, தண்ணீர்த் தொட்டி, பேட்டரி என்று எல்லாவற்றையும் ஒரு வாரம் அலசிப் பார்ப்பவர்கள்கூட இதை விட்டுவிடுகிறார்கள். காரில் டிக்கியைத் திறந்து விரிப்பைத் தூக்கினால் ஸ்டெப்னி கண்ணில் படும். மோட்டார்ஹோமில் அதை வெளியே எடுப்பதே தனி வேலை. பல வண்டிகளில் டயர் மாற்றுவதைவிட இதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கும்.

எனக்கு இது புரிந்தது சாலையோரத்தில். வண்டி வாங்கிய முதல் வருடம், பின்சக்கரம் ஒன்று பஞ்சரானது. ஸ்டெப்னியை இறக்கும் கம்பி இருந்தது. அதை நுழைக்கும் ஓட்டையும் இருந்தது. ஆனால் வண்டியை முன்பு வைத்திருந்தவர் பொருத்திய சைக்கிள் தாங்கியின் இரும்புச் சட்டம் அந்த ஓட்டைக்கு நேர் குறுக்கே நின்றது. தாங்கியைக் கழற்றும் அளவு ஸ்பேனர் என்னிடம் இல்லை. குழந்தைகளோடு மூன்று மணி நேரம் வெயிலில் உட்கார்ந்திருந்தோம். வண்டி வீட்டு வாசலில் நின்றபோது பத்து நிமிடம் செலவழித்திருந்தால் தெரிந்திருக்கும் விஷயம் அது. அதனால்தான் சொல்கிறேன், கீழே இருப்பதை எல்லாம் ஒரு விடுமுறை நாளில், சமமான தரையில், பகல் வெளிச்சத்தில் ஒரு தடவை முழுதாகச் செய்து பாருங்கள்.

ஸ்டெப்னி இருக்கிறதா, எங்கே இருக்கிறது?

இருக்கிறது என்று நம்பிவிட வேண்டாம். பஸ் அளவு பெரிய மோட்டார்ஹோம்களில், குறிப்பாகப் பின்பக்கம் டீசல் இன்ஜின் உள்ளவற்றில், ஸ்டெப்னி இல்லாமலே விற்பது சகஜம். 22.5 அங்குல டிஸ்க்கோடு, அதாவது டயர் மாட்டியிருக்கும் உலோகச் சக்கரத்தோடு, சேர்ந்த டயர் 60 கிலோவைத் தாண்டும். தனி ஆளாக அதைக் கையாள முடியாது. சாலை உதவி வண்டியைக் கூப்பிடுவதுதான் அங்கே வழி. வேனை மாற்றிக் கட்டிய சிறிய வண்டிகளிலோ, கழிவுநீர்த் தொட்டியும் எரிவாயுத் தொட்டியும் அடியில் இடம் பிடித்துக்கொள்வதால் ஸ்டெப்னியை எடுத்துவிட்டு, ஒரு சின்ன கம்ப்ரஸரும் பஞ்சர் அடைக்கும் திரவமும் மட்டும் கொடுத்திருப்பார்கள். அந்தத் திரவம் ஆணி குத்திய சிறு ஓட்டைக்குத்தான் உதவும். டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் ஒன்றுக்கும் ஆகாது.

இருந்தால், அது மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும். வண்டியின் பின்பகுதியில், சேஸிஸ் எனும் அடிச்சட்டங்களுக்கு நடுவே படுக்கை வாட்டில் தொங்கும். அல்லது பின்சுவரிலோ பம்பரிலோ நின்ற வாட்டில் போல்ட் போட்டு மாட்டியிருக்கும். அல்லது பக்கவாட்டு சாமான் அறையில், படுக்கைக்குக் கீழே உள்ள பெரிய அறையில் வைத்துக் கட்டியிருக்கும். ஒரு டார்ச்சோடு பின்பக்கம் குனிந்து பாருங்கள். தெரிந்துவிடும்.

நாம் வாய்க்கு வாய் சொல்லும் 'ஸ்டெப்னி' என்ற சொல், வேல்ஸ் நாட்டில் லனெத்லி என்ற ஊரின் ஒரு தெருப் பெயர். 1904ஆம் ஆண்டு வாக்கில் அங்கே டேவிஸ் சகோதரர்கள் ஆரக்கால் இல்லாத, காற்று அடைத்த ஒரு வளையச் சக்கரத்தை விற்றார்கள். பஞ்சரான சக்கரத்தின் மேலேயே அதைக் கவ்வ வைத்து ஓட்டிப் போகலாம். அதற்கு முன்பெல்லாம் நடுவழியில் டயரைப் பிரித்து ஒட்டுப் போடுவதுதான் வழி. மாற்றுச் சக்கரம் கையில் இருப்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

கையில் இருக்க வேண்டியவை

வண்டியோடு வந்த கருவிப் பையைத் தேடி எடுங்கள். ஓட்டுநர் இருக்கைக்கு அடியில், பக்கத்து இருக்கைக்கு அடியில், கதவுப் படிக்குள், சாமான் அறையின் மூலையில் என்று எங்கும் இருக்கலாம். அதில் இரண்டு மூன்று துண்டுகளாக, ஒன்றுக்குள் ஒன்று செருகும் இரும்புக் கம்பி இருக்க வேண்டும். ஸ்டெப்னியை இறக்குவது அந்தக் கம்பிதான். பழைய வண்டி வாங்கினால் பெரும்பாலும் காணாமல் போயிருப்பதும் அதுதான். ஒரு துண்டு குறைந்தாலும் நீளம் எட்டாது.

அதோடு வீல் ஸ்பேனர், சக்கரத்துக்கு அண்டை கொடுக்கக் கட்டைகள், கனமான கையுறை, கண்ணைக் காக்கும் கண்ணாடி, தலையில் மாட்டும் விளக்கு, நுனியில் கொக்கி உள்ள நீளக் கம்பி அல்லது நல்ல கயிறு, ஒரு பழைய பாய் அல்லது பிளைவுட் பலகை, துரு இளக்கும் எண்ணெய். கண்ணாடியை அலட்சியம் செய்யாதீர்கள். கம்பியைச் சுற்ற ஆரம்பித்ததும் பல வருட மண்ணும் துருச் செதிலும் மேலிருந்து கொட்டும், நீங்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

ஜாக்கி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வீட்டில் இருக்கும் கார் ஜாக்கி இதற்குப் போதாது. ஜோடி டயர் உள்ள பின் ஆக்சில் மட்டுமே 4 டன்னுக்கு மேல் சுமக்கும் மோட்டார்ஹோம்கள் உண்டு. உங்கள் வண்டியின் கையேட்டில் சொன்ன திறனுள்ள பாட்டில் ஜாக்கியும், அதை வைக்கத் தடித்த பலகையும் வேண்டும்.

வண்டியை நிறுத்தும் விதம்

சமமான, கெட்டியான தரை. ஹேண்ட் பிரேக் போட்டு, கியரைப் பார்க்கில் அல்லது கியரிலேயே விட்டு, பஞ்சராகாத பக்கச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். விரியும் பக்க அறை இருந்தால் உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். எரிவாயு வால்வை மூடுங்கள், ஜெனரேட்டரை நிறுத்துங்கள். ஓடி வந்த வண்டி என்றால் புகைக்குழாய் ஆறட்டும். ஸ்டெப்னி பெரும்பாலும் அதன் பக்கத்திலேயேதான் தொங்கும். சாலையோரம் என்றால் எச்சரிக்கை விளக்கும் முக்கோணப் பலகையும் போட்டு, எல்லோரையும் வண்டியை விட்டு இறக்கி, போக்குவரத்துக்கு விலகி நிற்க வையுங்கள். வண்டிகள் சீறிப் பாயும் பக்கம் என்றால் டயரைத் தொடவே வேண்டாம்.

வண்டியை மட்டமாக நிறுத்த அடியில் பொருத்தியிருக்கும் தானியங்கிக் கால்களைக் கொண்டு சக்கரத்தைத் தரையை விட்டுத் தூக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கூடாது. அவற்றைச் செய்பவர்களே அதற்காக அல்ல என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பல வண்டிகளில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். பின்பக்கம் முழுவதையும் தூக்கிவிட்டால் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. வண்டி கால்களிலிருந்து நழுவும்.

அடியில் வடத்தில் தொங்கும் ஸ்டெப்னி

இதுதான் அதிகம் காணப்படும் வகை. எஃகு வடம் ஒன்று வின்ச்சிலிருந்து (வடத்தைச் சுற்றி ஏற்றி இறக்கும் சிறு இயந்திரம்) இறங்கி, டிஸ்க்கின் நடு ஓட்டை வழியாக வந்து, அடியில் ஒரு இரும்புத் தட்டில் முடியும். அந்தத் தட்டுதான் டயரைத் தாங்கிப் பிடித்திருக்கிறது.

தொடுவதற்கு முன் கைபேசியில் நாலு படம் எடுங்கள். டயரின் எந்தப் பக்கம் கீழே பார்க்கிறது, வால்வு எங்கே இருக்கிறது, தட்டு எப்படி உட்கார்ந்திருக்கிறது எல்லாம் தெரிய வேண்டும். திரும்ப மாட்டும்போது அந்தப் படங்கள்தான் கைகொடுக்கும்.

அடுத்து ஓட்டையைக் கண்டுபிடியுங்கள். பின் பம்பரில், நம்பர் பிளேட் பக்கத்தில், அல்லது பின் கதவின் வாசற்படியில் இருக்கும். பிளாஸ்டிக் மூடி போட்டிருக்கும். திருட்டுக்குப் பயந்து பூட்டும் இருக்கலாம், அதன் சாவி எது என்று இப்போதே பார்த்துவிடுங்கள். இழுவைக் கொக்கி, சைக்கிள் தாங்கி, பின்னாளில் மாட்டிய பெட்டி எதுவும் கம்பியின் வழியை மறிக்கிறதா என்றும் பாருங்கள்.

கம்பித் துண்டுகளைச் சேர்த்து உள்ளே செருகுங்கள். வின்ச்சின் வாய் ஓட்டைக்கு நேராக இருக்காது. கொஞ்சம் மேலோ கீழோ சாய்ந்திருக்கும். அவசரப்பட்டுக் குத்தினால் அகப்படாது. ஒருவர் பக்கவாட்டில் தரையில் படுத்து டார்ச் அடித்து "இன்னும் மேலே, கொஞ்சம் இடது" என்று சொல்ல, மற்றவர் கம்பி முனையை மெல்லச் சுழற்றிக்கொண்டே தள்ளினால், 'டக்' என்று உட்கார்ந்து கை திடீரென்று கனமாகும். அந்த உணர்வைக் கைக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். இருட்டில், மழையில் உங்களுக்கு வழிகாட்டப் போவது அது ஒன்றுதான்.

இப்போது கடிகாரம் சுற்றும் திசைக்கு எதிராகச் சுற்றுங்கள். முதல் இரண்டு சுற்று இறுக்கமாக இருக்கும், பிறகு இளகும். டயர் மெதுவாக இறங்கும். தரையைத் தொட்டதும் நிறுத்திவிடாதீர்கள். புதிதாகச் செய்பவர்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான். வடத்தில் தொய்வு இல்லாவிட்டால் தட்டைக் கழற்ற முடியாது. இன்னும் அரை மீட்டர் அளவு வடம் தளர்ந்து கிடக்கும் வரை சுற்றுங்கள். ஆனால் சில வின்ச்சுகளில் வடம் முழுதாக அவிழ்ந்த பின்னும் சுற்றினால் எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு டயர் மறுபடி ஏறும். அதனால் டயர் மேல் கண் இருக்கட்டும்.

டயரை வெளியே கொண்டுவர வண்டிக்கு அடியில் நுழைய வேண்டாம். கொக்கிக் கம்பியை டிஸ்க்கின் ஓட்டையில் மாட்டி, உங்கள் உடம்பு முழுவதும் பம்பருக்கு வெளியே இருக்கும்படி உட்கார்ந்து இழுங்கள். முன்கூட்டியே பலகையோ பாயோ போட்டு அதன் மேல் டயரை இறக்கியிருந்தால் சறுக்கிக்கொண்டு வரும்.

இங்கே ஒரு கணக்கு பாருங்கள். 225 என்று தொடங்கும் அளவுள்ள டயர், படுக்கை வாட்டில் கிடந்தாலும் சுமார் 22 செ.மீ. உயரம் நிற்கும். பின் டயர் பஞ்சரானால் வண்டியின் பின்பகுதி தாழ்ந்துவிடும். இழுவைக் கொக்கி அதைவிடத் தாழ்வாக இருக்கும். அப்போது டயர் தரையில் இறங்கியும் வெளியே வராமல் மாட்டிக்கொள்ளும். பம்பருக்கும் கொக்கிக்கும் கீழே எவ்வளவு இடைவெளி என்று வீட்டிலேயே அளந்து வையுங்கள். போதவில்லை என்றால், ஸ்டெப்னியை எடுக்கும் முன்பே பஞ்சரான பக்கத்தை ஜாக்கியில் கொஞ்சம் உயர்த்த வேண்டியிருக்கும். அல்லது டயரைப் பக்கவாட்டில், பின்சக்கரத்துக்குப் பின்னால் உள்ள இடைவெளி வழியாக இழுக்கலாம். என் வண்டியில் அந்த வழிதான் சுலபம்.

டயர் வெளியே வந்ததும் அதன் ஒரு விளிம்பைத் தூக்கி, கீழே இருந்து தட்டைப் பிடியுங்கள். உள்ளங்கை அளவு இரும்பு அது. நேராக வராது. வடத்தோடு ஒட்டும்படி அதைச் செங்குத்தாகச் சாய்த்து நடு ஓட்டை வழியாக மேலே தள்ளினால் ஊசியில் நூல் கோத்த மாதிரி வெளியே வரும். விரல்களை டிஸ்க்குக்கும் தரைக்கும் நடுவே விட்டுவிடாதீர்கள். 16 அங்குல இரும்பு டிஸ்க்கோடு டயர் 30 கிலோ அளவுக்கு இருக்கும்.

சில வேன்களில் வடத்துக்குப் பதில் இரும்புத் தொட்டில் இருக்கும். பின் கதவுப் படியில் மூடிகளுக்குப் பின்னால் இரண்டு போல்ட்டுகள் தெரியும். அவற்றைத் தளர்த்தி எடுத்தாலும் தொட்டில் விழாது, ஒரு பாதுகாப்புக் கொக்கி பிடித்திருக்கும். தொட்டிலைச் சற்று மேலே தூக்கினால்தான் கொக்கி விடும். டயரின் முழு எடையும் அந்த நொடியில் கைக்கு வரும் என்பதால் இரண்டு பேர் வேண்டும், அல்லது அடியில் ஜாக்கியை முட்டுக் கொடுங்கள்.

துருப்பிடித்து அசையவில்லை என்றால்

முந்தின நாள் இரவே வின்ச்சின் வாயிலும் வடம் இறங்கும் இடத்திலும் எண்ணெய் அடித்து ஊற விடுங்கள். மறுநாள் கம்பியைக் கால் சுற்று அந்தப் பக்கம், கால் சுற்று இந்தப் பக்கம் என்று ஆட்டி ஆட்டி இளக்குங்கள். காற்றில் ஓடும் இம்பாக்ட் கன்னை மாட்டிச் சுற்றுவது வேண்டவே வேண்டாம். உள்ளே இருக்கும் சிறிய பல்சக்கரங்கள் நொறுங்கிவிடும்.

வடம் தளர்ந்தும் டயர் மேலேயே நின்றால் ஆபத்தான நிலைமை அது. துருவில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். இல்லாவிட்டால், வடம் அறுந்தால் டயர் சாலையில் விழாமல் இருக்கச் சில வண்டிகளில் வைக்கும் இரண்டாவது பூட்டு பிடித்திருக்கலாம். டயரை முழுக்க மேலே ஏற்றி மறுபடி இறக்கினால் அந்தப் பூட்டு பெரும்பாலும் விடும். விடாவிட்டால், டயருக்குக் கீழே பலகையோடு ஜாக்கியை நிறுத்திவிட்டு, பக்கத்திலிருந்து நீண்ட மரக்கழியால் தட்டுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் அதற்கு நேர் கீழே தலையை நீட்டாதீர்கள். அப்படியும் வரவில்லை என்றால் பட்டறைக்குக் கொண்டுபோய் வின்ச்சையே மாற்றிவிடுவது நல்லது.

பின்சுவரிலும் அறையிலும் இருப்பவை

பின்சுவர் வகை பார்க்கச் சுலபம், ஆனால் எடை நெஞ்சு உயரத்தில் இருக்கும். உறையைக் கழற்றி, நட்டுகளை எல்லாம் தளர்த்திவிட்டு, கீழே உள்ளவற்றை முதலில் எடுங்கள். மேலே உள்ளதைக் கடைசி வரை விட்டு வையுங்கள். மேலே உள்ளதை முதலில் எடுத்தால் டயர் உங்கள் மேல் சாயும். ஒரு நட்டுக்குத் திருட்டுப் பூட்டு இருந்தால் அதன் சாவிக் குமிழ் கருவிப் பையிலேயே இருக்கட்டும். டயர் இல்லாதபோது அந்தத் தாங்கியின் வெல்டிங்கைப் பாருங்கள். வண்டியின் கடைசி முனையில் தொங்கி ஒவ்வொரு குழிக்கும் குலுங்குவதால் முதலில் விரிசல் விடுவது அங்கேதான். சாமான் அறையில் இருப்பதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கட்டை அவிழ்த்து, பலகையைச் சரிவாகப் போட்டு உருட்டி இறக்குங்கள்.

வெளியே எடுத்த டயரில் பார்க்க வேண்டியவை

பக்கச்சுவரில் DOT (டி.ஓ.டி.) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்கள் பிறந்த தேதி. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஓடாத டயர் புதுசாகவே இருக்கும் என்ற எண்ணம் தவறு. ரப்பர் சும்மா இருந்தாலும் முதிரும். பார்க்க நன்றாக இருந்தாலும் பத்து வருடம் தாண்டினால் மாற்றச் சொல்கிறார்கள் டயர் செய்பவர்கள் பலர். வெடிப்பு தெரிந்தால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

காற்றின் அழுத்தத்தைக் குளிர்ந்த நிலையில் பாருங்கள். எந்தச் சக்கரத்துக்கு அதிக அழுத்தம் தேவையோ அந்த அளவை ஸ்டெப்னியில் வையுங்கள். முன்னால் 65, பின்னால் 80 பி.எஸ்.ஐ. என்றால் ஸ்டெப்னியில் 80. குறைக்க ஒரு நிமிடம் போதும், ஏற்றத்தான் வழியில் ஆள் கிடைக்காது.

நட்டுகளையும் கவனியுங்கள். வண்டியில் அலாய் வீலும் ஸ்டெப்னியில் இரும்பு டிஸ்க்கும் இருந்தால், இரண்டுக்கும் ஒரே நட்டோ போல்ட்டோ பொருந்தாமல் போகலாம். இரும்பு டிஸ்க்குக்கு உரியவை ஒரு பையில் தனியாக இருக்க வேண்டும்.

மாட்டும்போது, பஞ்சரான சக்கரத்தின் நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டு அப்புறம் ஜாக்கியை ஏற்றுங்கள். ஸ்டெப்னியைத் தூக்கி ஸ்டட்டில் (நட்டு ஏறும் நீட்டிய போல்ட்) மாட்ட முயன்று முதுகைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். டயர் தரையை விட்டு ஒன்றிரண்டு செ.மீ. மட்டும் உயரும்படி ஜாக்கியை அளந்து வைத்து, அடியில் ஒரு நெம்புகோலை விட்டுக் காலால் அழுத்தினால் தானாக ஏறி உட்காரும். ஜோடி டயர் என்றால் இரண்டு வால்வுகளும் எதிரெதிர்ப் பக்கம் வரும்படி வைத்தால்தான் பிறகு உள்டயருக்குக் காற்று அடிக்க முடியும். ஜோடியில் ஒன்று பஞ்சரானாலும் இன்னொன்று தாங்குகிறதே என்று ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். இரண்டு டயரின் சுமையையும் ஒன்றே சுமந்து சூடேறி வெடிக்கும். நட்டுகளைக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்கி, 80 முதல் 160 கிலோமீட்டருக்குள் நிறுத்தி இன்னொரு தடவை இறுக்கிப் பாருங்கள்.

திரும்ப ஏற்றி வைப்பது

ஒத்திகையில் பாதிப் பேர் இதைச் சரியாகச் செய்வதில்லை. தட்டையும் வடத்தையும் துடைத்து, நூல் பிரிந்திருக்கிறதா என்று பார்த்து, கிரீஸ் தடவுங்கள். தட்டு நடு ஓட்டையின் விளிம்பில் மட்டமாகப் படிய வேண்டும். ஒரு பக்கம் ஏறி உட்கார்ந்தால் ஓட்டத்தில் நழுவும். எடுத்த படத்தோடு ஒப்பிடுங்கள். பிறகு கடிகாரத் திசையில் சுற்றி ஏற்றி, இறுக்கம் வந்த பின்னும் வின்ச் இரண்டு மூன்று தடவை 'கிளிக்' என்று சத்தமிடும் வரை விடாதீர்கள். காலால் பக்கவாட்டில் உதைத்துப் பாருங்கள், அசையக் கூடாது. பஞ்சரான அலாய் வீலை அதே இடத்தில் தொங்கவிடும் முன், அதன் நடு ஓட்டை அளவில் தட்டு நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காது என்றால் வண்டிக்குள்ளேயே படுக்க வைத்துக் கட்டிவிடுங்கள்.

நான் ஆறு மாதத்துக்கு ஒரு முறை இதை இறக்கி ஏற்றுகிறேன். இப்போது இருபது நிமிடம் ஆகிறது. கம்பித் துண்டுகள், பூட்டுச் சாவி, கொக்கி, கையுறை, தலைவிளக்கு, சைக்கிள் தாங்கியைக் கழற்றும் ஸ்பேனர் எல்லாம் ஒரே துணிப்பையில் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இருக்கின்றன. இறக்கிய தேதியையும் காற்றழுத்தத்தையும் ஒரு அட்டையில் எழுதிப் பையின் வாயிலேயே கட்டியிருக்கிறேன்.